ஹாரிசன் ஃபோர்டு பாதியா, முழுசா?

"அந்தப் பாட்டிலே நடிகர் ஹாரிசன் ஃபோர்டு கால்வாசி யூதர் என்று வருகிறது. அது தப்பு. அவருடைய அம்மா யூதர். அம்மா யூதர் என்றால் எங்கள் கணக்கில் காலும் கிடையாது, அரையும் கிடையாது. முழுசு!"

பக்கத்து வீட்டு பபி கையில் கரண்டியோடு இதைச் சொன்னபோது என் மகளுக்கு எட்டு வயது. 2009 டிசம்பர். நாங்கள் நியூ ஜெர்சி ஹைலண்ட் பார்க்குக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காரில் கொஞ்ச தூரம் போனால் எடிசன், ஓக் ட்ரீ ரோடு, தோசை மாவு, முருங்கைக்காய், மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கும். எங்கள் தெருவிலோ வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு சப்பாத் என்கிற யூத ஓய்வுநாளுக்கான மெழுகுவர்த்தி எரியும். பபி என்றால் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழியில் பாட்டி. அவருடைய பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு என் மகளும் அப்படிக் கூப்பிட்டாள். போகப்போக நானும் என் கணவரும்கூட அவரை பபி என்றே கூப்பிட்டோம்.

அன்று மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். வீட்டில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் என்னென்ன பரிசு இருக்கும் என்று வகுப்பில் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மரம் இல்லை. எல்லோரும் வரைய, இவள் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள். என்னிடம் இதைச் சொல்லிவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்து விசும்பினாள். தபால் எடுக்க வந்த பபி பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் இருவரையும் தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், அடுப்பில் பொரிந்துகொண்டிருந்த லாட்கேயை எடுத்து அவள் தட்டில் வைத்தார். துருவிய உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்து எண்ணெயில் பொரிக்கிற அடை அது. ஹனுக்கா என்கிற யூதர்களின் விளக்குப் பண்டிகைக்கு எண்ணெய்ப் பலகாரம்தான் செய்வார்கள். அப்புறம் கணினியில் ஒரு பாட்டைப் போட்டார்.

நகைச்சுவை நடிகர் ஆடம் சாண்ட்லர் 1994 டிசம்பர் 3 அன்று 'சாட்டர்டே நைட் லைவ்' டிவி நிகழ்ச்சியில் கிடாரை வைத்துக்கொண்டு பாடிய ஹனுக்காப் பாட்டு அது. ஊரிலேயே கிறிஸ்துமஸ் மரம் இல்லாத ஒரே குழந்தை நீதான் என்று தோன்றுகிறதா, இதோ உன்னைப்போலவே இருப்பவர்களின் பட்டியல் என்று தொடங்கும். அவ்வளவுதான் பாட்டு. பெயர், பெயர், இன்னும் பெயர். நடிகர்கள் கிர்க் டக்ளஸ், ஜேம்ஸ் கான், நகைச்சுவைக் குழு த்ரீ ஸ்டூஜஸ். 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடரின் கேப்டன் கிர்க்காக நடித்தவரும் ஸ்பாக்காக நடித்தவரும், இரண்டு பேருமே. ஹனுக்காவுக்கு எதுகை கிடைக்காமல் அவர் இல்லாத வார்த்தைகளையெல்லாம் உண்டாக்கிப் பாடுவதைக் கேட்டு மகள் கண்ணீரோடு சிரித்தாள். சாண்ட்லர் புரூக்ளினில் பிறந்தாலும் வளர்ந்தது நியூ ஹாம்ப்ஷயரில். வெறும் தாளோடு உட்கார்ந்திருக்கிற குழந்தையை அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

பபிக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். அதிலிருக்கிற பிழைகளும் மனப்பாடம். ஹாரிசன் ஃபோர்டு விவகாரம் ஒன்று. பேஸ்பால் வீரர் ராட் கேரூ மதம் மாறியவர் என்று பாட்டில் வருவது இன்னொன்று. "அவர் மாறவே இல்லை. கட்டிக்கொண்டது யூதப் பெண்ணை. பிள்ளைகளை யூதர்களாக வளர்த்தார். ஆனால் இவர் மாறவில்லை. நல்ல மனிதர், வைத்துக்கொள்வோம்!"

இதை நான் முதலில் வெறும் சினிமா அரட்டை என்றுதான் எடுத்துக்கொண்டேன். பல பண்டிகைகளுக்கு அவர் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. யாராவது ஒரு நடிகர் பெயரைச் சொல்ல வேண்டியதுதான் தாமதம், மேசையின் அந்தக் கோடியிலிருந்து "நம்ம ஆளா?" என்று கேள்வி வரும். உடனே சாட்சிகள் வருவார்கள். அவருடைய அத்தை எங்கள் தெருவில் இருந்தாள். அவர் உண்மைப் பெயர் வேறு. கிர்க் டக்ளஸின் பெயர் இஸ்ஸுர் டேனியலோவிச், தெரியுமா? இந்த விசாரணை எனக்குப் புதிதில்லை. நடிகை மிண்டி காலிங் டிவியில் வரும்போதெல்லாம் என் கணவர் "அந்தக் காலிங் எங்கிருந்து வந்தது தெரியுமா? சொக்கலிங்கம்!" என்று இன்றைக்கும் அதே உற்சாகத்தோடு சொல்வார். 2021 ஜனவரியில் கமலா ஹாரிஸ் துணை அதிபராகப் பதவியேற்றபோது இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கணக்கு ஏறியது. எங்களுக்கு, சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள். பபிக்கு, அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் டக் எம்ஹாஃப். "புரூக்ளினில் பிறந்தவன், நம் நியூ ஜெர்சி மாட்டவானில் வளர்ந்தவன். பக்கத்து ஊர்ப் பையன்!" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

அந்த 2009 டிசம்பர் சாயங்காலம் பட்டியலில் ஸ்பாக் பெயர் வந்ததும் பபி பாட்டை நிறுத்திவிட்டார். "இவருக்குத் தனிக் கதை இருக்கிறது, கையைக் காட்டு" என்றார்.

ஸ்பாக்காக நடித்த லெனர்ட் நிமாய் பாஸ்டனில் பிறந்து வளர்ந்தவர். எட்டு வயது வாக்கில் ஒரு பண்டிகை நாளில் அப்பாவோடும் தாத்தாவோடும் சினகாகு என்கிற யூதக் கோயிலுக்குப் போயிருக்கிறார். அங்கே கோஹனிம் என்கிற புரோகித மரபினர் தலைக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டிச் சபைக்கு ஆசி சொல்வார்கள். கிழக்கு ஐரோப்பிய வழி வந்தவர்களின் சினகாகுகளில், இஸ்ரேலுக்கு வெளியே, பெரும் பண்டிகைகளில்தான் இது நடக்கும். அந்த நேரம் யாரும் பார்க்கக் கூடாது. அப்பாவும் பார்க்காதே என்று சொல்லிவிட்டார். எட்டு வயதுப் பையன் கேட்பானா? எட்டிப் பார்த்திருக்கிறான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டி, மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒட்டி, நடுவில் பிளவு. ஷின் என்ற எபிரேய எழுத்தின் வடிவம், கடவுளின் பெயர்களில் ஒன்றான ஷதாயின் முதலெழுத்து. வீட்டுக்குப் போய் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பழகினான். பெரியவனாகி, வேறு கிரகத்து ஆளாக வேடம் போட்டு, அந்தக் கிரகத்தார் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்ல ஒரு முத்திரை வேண்டும் என்று வந்தபோது, அந்தக் கையைத் தூக்கினான். 1967. அதற்கப்புறம் உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதைச் செய்தார்கள். எந்தச் சினகாகில் எந்தப் பையன் திருட்டுத்தனமாகப் பார்த்தது என்று தெரியாமலே செய்தார்கள்.

"பார்க்காதே என்று சொன்னதைப் பார்த்ததால் கிடைத்த ஆசீர்வாதம் இது" என்று பபி சிரித்தார். அவருக்கு மூட்டுவலி, விரல்கள் பிரியவில்லை. என் மகள் பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தாள். முத்திரை உடனே படிந்துவிட்டது. மறுநாள் அந்த வெறும் தாளில் தன் கையை வைத்துக் கோடிழுத்து, நடுவில் பிளவுள்ள அந்தக் கையை வரைந்து பள்ளிக்குக் கொண்டுபோனாள்.

டிசம்பர் முழுக்கக் கடைகளில் ஓடுகிற பாட்டுகளைப் பற்றியும் பபி சொல்லிக்கொடுத்தார். பிங் கிராஸ்பி பாடி உலகமே உருகுகிற வெள்ளைக் கிறிஸ்துமஸ் பாட்டை எழுதியவர் இர்விங் பெர்லின். ரஷ்யப் பேரரசில் 1888-இல் பிறந்து, சின்ன வயதில் நியூயார்க் வந்த யூதர். சிவப்பு மூக்குக் கலைமானைப் பாட்டாக்கிய ஜானி மார்க்ஸும் யூதர்தான். "மரம் நம் வீட்டில் இல்லை, பாட்டு நம் வீட்டிலிருந்து போனது" என்பார். பெர்லினின் கைக்குழந்தை 1928-இல் கிறிஸ்துமஸ் நாளன்றே இறந்துபோனது. இதைச் சொல்லும்போது மட்டும் பபி சிரிக்கமாட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் என்னதான் செய்வார்கள்? சீன உணவகத்துக்குப் போவார்கள். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் யூதக் குடியேறிகளும் சீனக் குடியேறிகளும் அருகருகே வாழ்ந்த காலத்திலிருந்து வருகிற பழக்கம். கிறிஸ்துமஸ் நாளில் திறந்திருக்கிற கடை அதுதான். சீனச் சமையலில் பாலும் வெண்ணெயும் கிடையாது என்பது இன்னொரு சௌகரியம், யூத விதிப்படி இறைச்சியோடு பால் சேரக் கூடாது. 2010 ஜூனில் எலினா கேகனை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிப்பதற்கான செனட் விசாரணை நடந்தது. செனட்டர் லிண்ட்சி கிரஹாம் ஒரு பயங்கரவாத முயற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டு போகையில், கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். எல்லா யூதர்களையும்போல நானும் ஏதாவது சீன உணவகத்தில் இருந்திருப்பேன் என்றார் கேகன். விசாரணை மண்டபமே சிரித்தது. பபி அந்தக் காட்சியைத் தன் மகனுக்கு, மருமகளுக்கு, எனக்கு, பல் மருத்துவருக்கு என்று எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். அந்த டிசம்பர் 25 அன்று எங்களையும் அழைத்துக்கொண்டு போனார். வட்ட மேசை, நடுவில் சுழல்தட்டு, எங்களுக்கு டோஃபுவும் கத்தரிக்காயும். சுற்றிலும் பார்த்தால் பாதித் தெரு அங்கே இருந்தது.

இனி சாண்டி கோஃபாக்ஸ். இதை நான் அவசரமாகச் சொல்ல மாட்டேன்.

பபி வீட்டுக் கூடத்தில் அவர்களுடைய கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்தில், ஒரு பேஸ்பால் வீரரின் படம் மாட்டியிருக்கும். பபியின் கணவர் மாட்டியது. அவரை நான் பார்த்ததில்லை, நாங்கள் குடிவருவதற்கு முன்பே போய்விட்டார். புரூக்ளின்காரர், டாட்ஜர்ஸ் அணிக்கு உயிரையே கொடுப்பவர். 1957-க்கு அப்புறம் அந்த அணி புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. துரோகம் என்று சொல்லி எட்டு வருடம் அந்தப் பெயரையே அவர் வீட்டில் எடுக்கவில்லையாம்.

1965-இல் டாட்ஜர்ஸ் உலகத் தொடருக்கு வந்தது. ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்பவருக்குக் கோப்பை. நம் கிரிக்கெட் கணக்கில் சொன்னால் உலகக் கோப்பை இறுதி. அந்த அணியின் தலைசிறந்த பந்து வீச்சாளர் கோஃபாக்ஸ், அந்த வருடம் மட்டும் 26 ஆட்டங்களை வென்று கொடுத்தவர். புரூக்ளினில் பிறந்த யூதர். முதல் ஆட்டம் அக்டோபர் 6. அன்றைக்கு யோம் கிப்பூர், பாவமன்னிப்பு கேட்டு உபவாசம் இருக்கிற நாள். கோஃபாக்ஸ் நித்தம் வழிபாட்டுக்குப் போகிற ஆசாரக்காரர் இல்லை. ஆனாலும் அன்று ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவருக்குப் பதிலாக டான் டிரைஸ்டேல் வீசினார். அவரும் பெரிய வீரர்தான், ஆனால் அன்று அடி வாங்கினார். மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் மினசோட்டா அணி ஏழு ரன் எடுத்துவிட்டது. மேலாளர் வால்டர் ஆல்ஸ்டன் அவரை வெளியே எடுக்க மைதானத்துக்குள் நடந்து வந்தார். "நானும் யூதனாக இருந்திருக்கக் கூடாதா என்று இப்போது நினைக்கிறீர்கள், இல்லையா?" என்று டிரைஸ்டேல் கேட்டாராம். யூத வீடுகளில் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிற இந்த நகைச்சுவையைச் சொன்னவர் யூதர் இல்லை. அதில்தான் அதன் அழகே இருக்கிறது.

அன்று புரூக்ளின் சினகாகில் என்ன நடந்தது என்பது பபி குடும்பத்துக் கதை. யூதரல்லாத காவலாளி கீழே கொதிகலன் அறையில் டிரான்சிஸ்டர் ரேடியோ வைத்திருந்தார். மேலே உபவாசம் இருந்த ஆண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகத் தலைசுற்றல் வந்தது. காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று கீழே போவார்கள், திரும்பி வந்து பக்கத்தில் இருப்பவர் காதில் பிரார்த்தனை ராகத்திலேயே ஸ்கோரைப் பாடுவார்கள். 8-2 என்று தோற்றதும் முழுச் சபையின் முகத்திலும் ஒரு பெருமை! பபியின் கணவர் டாட்ஜர்ஸை மன்னித்தது அந்த யோம் கிப்பூர் சாயங்காலத்தில்தான். அப்புறம் கோஃபாக்ஸ் இரண்டாவது ஆட்டத்தில் தோற்றார், ஐந்தாவதை வென்றார், இரண்டே நாள் ஓய்வில் வந்து ஏழாவது ஆட்டத்தில் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்க விடாமல் 2-0 என்று கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

"ஒருவன் ஒரே ஒரு நாள் ஆடவில்லை. அதற்கப்புறம் எங்கள் பிள்ளைகள் லீவு கேட்கும்போது தலை குனியவில்லை" என்றார் பபி. அந்த வருடத் தீபாவளிக்கு மகளின் பள்ளிக்கு லீவுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்பெல்லாம் காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறேன். அந்த முறை தீபாவளி என்று எழுதினேன். அதற்கடுத்த வருடங்களிலும் அதையேதான் எழுதினேன்.

பெசாக் பண்டிகைக்கு வருகிறேன். தமிழ் பைபிளில் பஸ்கா என்று வருவது இதுதான். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறியதை நினைத்து எட்டு நாள் கொண்டாடுவார்கள். முதல் இரவு சேடர் விருந்து. 2010-இல் எங்களை முதன்முதலாகக் கூப்பிட்டார். கோதுமை ரொட்டி கூடாது என்று தெரியும். கோதுமை இல்லாததாகத் தேர்ந்தெடுத்து எலுமிச்சை சாதம் கிளறி எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே பபி பாத்திரத்தைத் திறந்து வாசனை பிடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அவர்களுக்கு அந்த எட்டு நாளும் அரிசியும் பருப்பும்கூட விலக்காம். ஸ்பெயின் வழி வந்தவர்களும் அரபு நாடுகளிலிருந்து வந்தவர்களில் பலரும் அரிசி சாப்பிடுவார்கள், இவர்கள் மாட்டார்கள். "மோசே எங்களைச் செங்கடலைத் தாண்டிக் கூட்டிவந்தார். இந்த எலுமிச்சை சாதத்தைத் தாண்டிப் போவதுதான் கஷ்டம்" என்றார்.

அடுத்த வருடம் பபியின் அடுப்படியிலேயே, பெசாக்குக்கென்று பரணிலிருந்து இறக்கிய அவர் பாத்திரத்திலேயே, உருளைக்கிழங்குப் பொடிமாஸ் செய்தேன். தாளிக்கக் கடுகு எடுத்தேன். கூடாது, அதுவும் பருப்பு வகையோடு சேர்த்தி. உளுத்தம்பருப்பு? கூடாது. பெருங்காய டப்பியை எடுத்து அவரே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கூட்டுப் பெருங்காயம், கோதுமை மாவு சேர்த்தது. எங்கள் சமையலில் அத்தனை வருடம் போட்டும் நான் கவனித்ததில்லை. கடைசியில் இஞ்சி, பச்சை மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை மட்டும் போட்டு இறக்கினேன். அந்தப் பொடிமாஸ் அப்புறம் ஒவ்வொரு வருடமும் அந்த மேசைக்கு வந்தது. 2015 கடைசியில் கன்சர்வேட்டிவ் பிரிவின் குருமார் குழு அரிசி பருப்புக்கு அனுமதி கொடுத்தது. செய்தியைப் படித்த அன்றே பபி ஃபோன் செய்தார். "அனுமதி வந்துவிட்டது. என் அம்மா அனுமதிக்கவில்லை. அவள் செத்து முப்பது வருடம் ஆகிறது, கேட்கவும் முடியாது. நீ பொடிமாஸே செய்" என்றார்.

சேடரில் படிக்கிற புத்தகத்துக்கு ஹகடா என்று பெயர். பபி வீட்டில் இருப்பவை மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பி கம்பெனி 1932-இலிருந்து கடைகளில் இனாமாகக் கொடுத்து வருகிற பிரதிகள். காப்பிக்கொட்டை இங்கிலீஷ் பேரில்தான் 'பீன்', பருப்பு வகை இல்லை, உண்மையில் பழத்தின் விதை, அதனால் பெசாக்கில் குடிக்கலாம் என்று ஒரு ரபி, அதாவது யூத குரு, சொன்னதை ஊருக்குத் தெரிவிக்கத் தொடங்கிய விளம்பரம் அது. ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் போயிருக்கிறது. பபியின் பிரதிகளில் வெவ்வேறு வருடத்து ஒயின் கறை. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், "எந்தப் பக்கம்?" என்று கேட்டால் ஏழு பேர் ஏழு பதில் சொல்வார்கள். 2008 ஏப்ரலில் தேர்தல் பிரசாரத்துக்கு நடுவே ஹாரிஸ்பர்க் ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில் மூன்று இளம் உதவியாளர்கள் சேடர் நடத்தியபோது பராக் ஒபாமா உள்ளே வந்து உட்கார்ந்தார். அடுத்த வருடம் ஜெருசலேமில் என்று சொல்லித்தான் சேடரை முடிப்பார்கள். அடுத்த வருடம் வெள்ளை மாளிகையில் என்றார் அவர். 2009-இல் அங்கேயே நடத்தினார், பதவிக்காலம் முழுக்க ஒவ்வொரு வருடமும். அங்கேயும் இதே காப்பிக் கம்பெனி ஹகடாதான் என்பதில் பபிக்கு அளவில்லாத பெருமை.

மேசையில் இருக்கிற கடைக்குட்டி நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். அந்த இரவு கடைக்குட்டி என் மகள். "மா நிஷ்தனா" என்று தொடங்கும் எபிரேய வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். தொண்டையில் கரகரக்கிற அந்த 'ஹ்' ஒலிக்கு எழுத்தில்லாமல் ஆய்தம் போட்டேன், சரியாகவே வந்தது. இந்த நைட் மட்டும் மற்ற நைட்டுகளிலிருந்து ஏன் வேறுபட்டது என்பது கேள்வி. அவள் முடித்ததும் பபியின் மகன் எழுந்து, குடும்பத்தில் வருடா வருடம் சொல்கிற கதையைச் சொன்னார். லண்டன் யூதர் ஒருவருக்கு எலிசபெத் ராணி வீரத்திருத்தகை பட்டம் கொடுக்கப்போகிறார். முன்னால் மண்டியிட்டு லத்தீனில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பதற்றத்தில் மறந்துபோகிறது. வாயில் வந்த ஒரே அந்நிய மொழி வாக்கியம் "மா நிஷ்தனா". ராணி திரும்பித் தன் கணவரிடம் கேட்கிறார்: இந்த நைட் மட்டும் மற்ற நைட்டுகளிலிருந்து ஏன் வேறுபட்டவர்? பட்டம் வாங்கியவரும் இங்கிலீஷில் நைட்தானே! எல்லோருக்கும் தெரிந்த ஜோக், எல்லோரும் ராணியோடு சேர்ந்து அந்தக் கடைசி வரியைச் சொன்னார்கள்.

பபியின் ஃப்ரிட்ஜில் ஒரு பத்திரிகைத் துண்டு காந்தத்தில் ஒட்டியிருந்தது. பியூ ஆய்வு மையம் 2013-இல் அமெரிக்க யூதர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு. யூதராக இருப்பதற்கு எது இன்றியமையாதது என்ற கேள்விக்கு, மதச் சட்டங்களைக் கடைப்பிடிப்பது என்றவர்கள் 19 சதவீதம். நல்ல நகைச்சுவை உணர்வு என்றவர்கள் 42 சதவீதம். "42-தானா?" என்று ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்.

அதே 2013 நவம்பர் 28 அன்று ஹனுக்காவும், அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்து நன்றி சொல்கிற தேங்க்ஸ்கிவிங்கும் ஒரே நாளில் வந்தன. எபிரேய நாட்காட்டி நிலவைப் பார்த்து ஓடுவது, 19 வருடத்துக்கு ஏழு அதிக மாதம் சேர்த்துச் சரிக்கட்டுவார்கள். அதனால் பண்டிகை எப்போதும் சீக்கிரம் வந்துவிட்டது, இல்லாவிட்டால் தாமதமாகிவிட்டது, சரியான நாளில் வந்ததாக யாரும் சொன்னதே கிடையாது. அன்று வான்கோழியைக் காட்டி "எபிரேயத்தில் இதன் பெயர் ஹோது. ஹோது என்றால் நன்றி சொல் என்றும் அர்த்தம், இந்தியா என்றும் அர்த்தம். ஆகவே நீங்கள் மூன்று பேரும் வந்தே ஆக வேண்டும்" என்றார். நான் என் பங்குக்குத் 'துக்கி'யைச் சொன்னேன். சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த மயில்களுக்கு பைபிளில் இருக்கும் அந்தச் சொல் நம் தோகையிலிருந்து போனது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. இன்றைய எபிரேயத்தில் அது கிளி. பபி கை தட்டினார். எங்கள் மயிலை அவர்கள் கிளியாக்கியது அன்று முழுக்கப் பேச்சு.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1946-இலிருந்து வருடந்தோறும் ஒரு வழக்காடு மன்றம் நடக்கிறது. ஹனுக்காவின் லாட்கே சிறந்ததா, பூரிமின் முக்கோணப் பலகாரமான ஹமன்தாஷ் சிறந்ததா? பேராசிரியர்கள் அங்கி போட்டுக்கொண்டு, தத்துவத்தையும் இயற்பியலையும் துணைக்கழைத்து வாதாடுவார்கள். நோபல் பரிசு வாங்கிய மில்டன் ஃப்ரீட்மன்கூட வாதாடியிருக்கிறார். பபி இதைச் சொன்னபோது நான் தீபாவளி காலைப் பட்டிமன்றத்தைச் சொன்னேன். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணியோடு டிவி முன்னால் உட்கார்ந்து, சாலமன் பாப்பையா தீர்ப்புச் சொல்கிற வரைக்கும் எழுந்திருக்காத காலைகளை. "உங்கள் நடுவர் பெயர் சாலமனா?" என்று பபி நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்வி வருவதற்குள் நானே சொல்லிவிட்டேன்: இல்லை பபி, அவர் கிறிஸ்தவர்.

பூரிம் மார்ச்சை ஒட்டி வரும். எஸ்தர் ராணி தன் மக்களை ஆமானிடமிருந்து காப்பாற்றிய கதை. இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை என்று நம் நாட்டின் பெயரோடுதான் அந்த நூலே தொடங்குகிறது. சினகாகில் கதையை வாசிக்கும்போது ஆமான் பெயர் வந்தால் கிலுகிலுப்பையைச் சுற்றி, காலால் தரையை உதைத்து, பெயரே காதில் விழாதபடி செய்வார்கள். வேடம் போடுவார்கள். எங்கள் தெருச் சிறுமிகள் கறுப்பு அங்கி, வெள்ளைச் சரிகைக் கழுத்துப்பட்டி, பெரிய கண்ணாடியோடு நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்காக வந்து நிற்பார்கள். பூரிமில் குடிக்கவும் வேண்டும் என்பது யூதர்களின் பழைய சட்ட நூலான தால்முத் வாக்கு. அதே தால்முத்தில் ரப்பா என்ற குரு போதையில் ரபி ஸேராவைக் கொன்றுவிட்டு, மறுநாள் பிரார்த்தனை செய்து உயிர்ப்பித்த கதையும் இருக்கிறது. அடுத்த வருடம் ரப்பா மறுபடி விருந்துக்குக் கூப்பிட்டார். அற்புதம் ஒவ்வொரு தடவையும் நடக்காது என்றார் ஸேரா. இத்தனை நூற்றாண்டுக்கு முந்தைய ஜோக்கைப் புனித நூலில் பத்திரமாக வைத்திருப்பதற்காகவே எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை.

2015 பிப்ரவரி 27 அன்று லெனர்ட் நிமாய் இறந்துபோனார். ஐந்தாம் நாள் சாயங்காலம் பூரிம். பதின்மூன்று வயது மகள், இரண்டு நாள் உட்கார்ந்து அட்டையில் கூர்க்காது செய்து, நீலச் சட்டை போட்டு, புருவத்தை என் மையால் மேலே வளைத்துக்கொண்டு பபி வீட்டு மணியை அடித்தாள். கதவு திறந்தது. அவள் எதுவும் பேசாமல் கையைத் தூக்கி விரல்களைப் பிரித்தாள். பபி சட்டென்று இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான் ஓர் எட்டு முன்னால் வைத்தேன். விரலிடுக்கு வழியாக ஒரு கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பபி இப்போது ஃப்ளோரிடாவில் மகன் வீட்டில் இருக்கிறார். மகள் சியாட்டிலில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று ஊரிலிருந்தும் வீடியோவில் பேசிக்கொள்கிறோம். பேசி முடிந்ததும் அவள் கையைத் தூக்குவாள். அவர் முகத்தை மூடிக்கொண்டு எட்டிப் பார்ப்பார். யார் முதலில் ஃபோனை வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருப்போம்.